அண்ணன்தான் நாமினி, அப்போ நாங்கள் யார்?

கடலூர் வண்டிப்பாளையத்திலிருந்து ஒரு சகோதரி நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

"அப்பா போன ஐப்பசியில் தவறிவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. அவர் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு ஒன்று, திருப்பாதிரிப்புலியூரில் வாடகைக் கட்டடத்தில் மளிகைக் கடை, பண்ருட்டி பக்கம் தாத்தா காலத்து முந்திரித் தோப்பு 90 செண்ட், பேங்கில் 8 லட்சம் டெபாசிட், ஒரு எல்.ஐ.சி. பாலிசி. டெபாசிட்டுக்கு அண்ணன் நாமினி, பாலிசிக்கு அம்மா நாமினி. தம்பி நாலு வருஷம் முன்பே விபத்தில் போய்விட்டான். அவன் மனைவி 9 வயது மகளோடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில் தாய் வீட்டில் இருக்கிறாள். அப்பாவைப் பெற்ற பாட்டி எங்களோடுதான் இருக்கிறார். அண்ணன் வாங்கி வந்த வாரிசுச் சான்றிதழில் அம்மா, அண்ணன், நான் என மூன்று பேர்தான். 'நான் நாமினி, கொள்ளி வச்சவன், கடையைப் பார்க்கிறவன், நான்தான் வாரிசு, உனக்குக் கல்யாணத்திலேயே செஞ்சாச்சு' என்று, என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். வீட்டுப் பத்திரத்தில் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' (மகன், பேரன் என வழிவழியாக) என்றிருப்பதைக் காட்டி, பெண்ணுக்கு இல்லை என்கிறார். இதற்கிடையில் அப்பா கொடுக்க வேண்டிய பாக்கிக்காக ஒரு மொத்த வியாபாரி போட்ட வழக்கில் என்னைச் 'சட்டப் பிரதிநிதி' என்று சேர்த்து நோட்டீஸ் வந்திருக்கிறது. ஒரு இடத்தில் நாமினி, ஒரு இடத்தில் வாரிசு, ஒரு இடத்தில் பாத்தியஸ்தர் (உரிமைக்காரர்), ஒரு இடத்தில் பிரதிநிதி. இதில் நான் யார்? என்ன செய்வது?"

அன்புள்ள சகோதரி,

முதலில், அந்த விடுதலைப் பத்திரத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். அண்ணனோடு சண்டை போடச் சொல்லவில்லை. எது எவ்வளவு, யாருக்கு என்று தெரிந்த பிறகு விட்டுக்கொடுப்பது வேறு, தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு அலைவது வேறு. பதிவான விடுதலைப் பத்திரத்தை ரத்து செய்ய வேண்டுமென்றால் ஏமாற்றினார்கள், மிரட்டினார்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும், அது லேசான காரியமில்லை.

நீங்கள் யார் என்று கேட்டீர்கள். நீங்கள் அப்பாவின் வாரிசு. அண்ணனும் வாரிசு, அதே அளவு. மற்ற பெயர்கள் எல்லாம் அந்தந்த கவுண்ட்டரில் உங்களை எந்த வேலைக்காகக் கூப்பிடுகிறார்கள் என்பதைத்தான் சொல்கின்றன. சொத்து யாருக்கு என்று தீர்மானிப்பது உங்கள் விஷயத்தில் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகள் எல்லாரும் ஒரே நேரத்தில், ஒன்றாக எடுத்துக்கொள்வார்கள் என்று அது சொல்கிறது. அந்த முதல் வகுப்பில் மனைவி, மகன்கள், மகள்கள், பெற்ற தாய், முன்னரே இறந்துபோன பிள்ளையின் குடும்பம் எல்லாரும் வருவார்கள்.

பெற்ற தாய் என்ற இடத்தில்தான் முக்கால்வாசிக் குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. இறந்தவரின் அம்மா, அதாவது உங்கள் பாட்டி, உங்களுக்குச் சமமான வாரிசு. அப்பாவின் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவர் இரண்டாம் வகுப்புக்குப் போயிருப்பார், ஆனால் பாட்டி முதல் வகுப்பு. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வயதான மனுஷியை யாரும் வாரிசாக நினைத்துப் பார்ப்பதில்லை, அவரும் வாய் திறந்து கேட்பதில்லை. ஆனால் அவர் பெயர் இல்லாத எந்தப் பாகப்பிரிவினையும் நாளைக்கு வில்லங்கம்தான். இன்னொன்றும் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். பாட்டி தன் பங்கைப் பற்றி எதுவும் எழுதி வைக்காமல் காலமாகிவிட்டால், அந்தப் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். உங்கள் அத்தைகள், சித்தப்பா இருந்தால் சித்தப்பா, அப்பாவின் இடத்தில் அவர் பிள்ளைகளான அண்ணனும் நீங்களும் என்று ஆள் கூடிக்கொண்டே போகும். ஆகவே பாட்டி நல்ல நினைவோடு இருக்கும்போதே உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வதுதான் எல்லாருக்கும் நல்லது. வெற்றுத் தாளில் அவர் கைநாட்டை மட்டும் வாங்கி வைக்கும் வேலையை அண்ணன் செய்தாலும் சரி, வேறு யார் செய்தாலும் சரி, நீங்கள் அதற்கு உடன்படாதீர்கள்.

அடுத்து தம்பி குடும்பம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான். தம்பி அப்பாவுக்கு முன்பே போய்விட்டதால் அவன் கணக்கு முடிந்தது என்று வீட்டில் எல்லாரும் எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. சட்டம் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தம்பிக்கு வந்திருக்க வேண்டிய ஒரு பங்கு அப்படியே அவன் மனைவிக்கும் மகளுக்கும் வரும், இருவருக்கும் சரிபாதி. ஆக மொத்தம் ஐந்து பங்கு: அம்மா, பாட்டி, அண்ணன், நீங்கள், தம்பி கிளை. 8 லட்சம் டெபாசிட்டை வைத்தே பாருங்கள். ஆளுக்கு 1,60,000. தம்பி கிளைக்கு வரும் 1,60,000-இல் மனைவிக்கு 80,000, குழந்தைக்கு 80,000. வீட்டுக்கும் கடைக்கும் இதே கணக்குதான்.

குழந்தையின் பங்கு விஷயத்தில் பெரியவர்கள் யாரும் அவசரப்படக் கூடாது. தாய் இயற்கைக் காப்பாளர்தான், ஆனாலும் மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ கோர்ட் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் எழுதிய பத்திரத்தை, அந்தப் பெண் 18 வயது முடிந்த பின் மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டு ரத்து செய்ய முடியும். வீட்டை வாங்குகிறவரின் வக்கீல் இதைத்தான் முதலில் பார்ப்பார். அண்ணனுக்கு நியாயம் பேசிப் புரியவில்லை என்றால் இதைச் சொல்லுங்கள், இது புரியும்.

அப்புறம், தம்பி மனைவியின் சொந்தக்காரர்கள் யாராவது "எங்கள் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு சட்டம்" என்று குழப்பினால் அதையும் தெளிவுபடுத்திவிடுங்கள். பிரெஞ்சு ஆட்சியில் 1881-இல் வந்த ஆணையின்படி தங்கள் சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் அங்கே உண்டு. ரெனோன்சான் என்பார்கள், அவர்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. ஆனால் இங்கே இறந்தவர் உங்கள் அப்பா, கடலூர்க்காரர். சொத்தும் பெண்ணையாற்றுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது. மருமகள் எந்த ஊரில் குடியிருந்தாலும் பங்கு மாறாது.

இப்போது நாமினி. அண்ணன் சொல்வதில் பாதி சரி. பேங்க் பணத்தை அவரிடம்தான் கொடுக்கும், கொடுத்துவிட்டால் பேங்கின் பொறுப்பு தீர்ந்தது. ஆனால் அவர் வாங்குவது எல்லா வாரிசுகளுக்காகவும்தான். 1984-இல் சர்பதி தேவி வழக்கில் இன்சூரன்ஸ் பணத்துக்கு உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது, பேங்க் டெபாசிட்டுக்கும் பிறகு சொன்னது, கம்பெனிப் பங்குகளுக்கு 2023 டிசம்பரில் சொன்னது. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. "நாங்களும் வாரிசு, பணத்தைக் கொடுக்காதீர்கள்" என்று மேனேஜருக்கு நீங்கள் கடிதம் எழுதினால், அந்தக் கடிதத்தை வைத்துப் பணத்தை நிறுத்தச் சட்டத்தில் அவருக்கு வழியில்லை. கோர்ட் உத்தரவு ஒன்றுதான் அவரைக் கட்டுப்படுத்தும். அண்ணன் இன்னும் பணத்தை எடுக்கவில்லை, எடுத்தால் திரும்ப வராது என்று உங்களுக்கு உறுதியாகத் தோன்றினால், பாகவழக்கோடு சேர்த்து இடைக்காலத் தடை கேட்க வேண்டும். எடுத்துவிட்டார் என்றாலும் உங்கள் உரிமை போய்விடாது, அவரிடம் கணக்குக் கேட்கலாம். சாவுச் செலவு, கருமாதிச் செலவு என்று அவர் கையிலிருந்து போட்டதைக் கழித்துக்கொள்வது நியாயம், அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

எல்.ஐ.சி.க்கு மட்டும் கொஞ்சம் வித்தியாசம். 2015-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணத்தின் பயனே அவர்களுக்குத்தான் என்று இன்சூரன்ஸ் சட்டம் சொல்கிறது. அது மற்ற வாரிசுகளின் உரிமையை முழுக்க அடைத்துவிடுமா என்பதில் உயர் நீதிமன்றங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. உங்கள் வீட்டில் நாமினி அம்மா. அந்தப் பணத்தை அவரிடமே விட்டுவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். கணவனை இழந்த பெண்மணி கையில் யாரையும் கேட்காமல் செலவு செய்ய ஒரு தொகை இருக்கட்டும்.

வாரிசுச் சான்றிதழ் பற்றி. வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரித்து வட்டாட்சியர் கொடுப்பது அது. இன்னாருக்கு இன்னார் இருக்கிறார்கள் என்று சொல்லும், அவ்வளவுதான், யாருக்கு எவ்வளவு என்று அது சொல்லாது. அதில் பெயர் விட்டுப்போனதால் பாட்டியின் பங்கும் தம்பி கிளையின் பங்கும் அழிந்துவிடாது. ஆனாலும் அதைத் திருத்தாமல் விடாதீர்கள், ஏனென்றால் பட்டா மாற்றம், வரி பெயர் மாற்றம், மீதிக் கணக்குகள் எல்லாம் அந்தத் தாளைக் காட்டித்தான் நடக்கும். தம்பியின் இறப்புச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பாட்டியின் ஆதார், குடும்ப அட்டை எல்லாவற்றையும் சேர்த்து வட்டாட்சியருக்கு மனுக் கொடுங்கள். அங்கே நடக்கவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. தம்பிக்கென்று தனியாக ஒரு வாரிசுச் சான்றிதழும் தேவைப்படும். அதைக் கையில் வாங்கியதும் குழம்பிவிடாதீர்கள். தம்பிக்கு வாரிசு என்று அவன் மனைவி, மகள், உங்கள் அம்மா மூன்று பேரும் அதில் வருவார்கள். ஆனால் அப்பா சொத்தில் தம்பி கிளைக்கு வரும் பங்கு மனைவிக்கும் மகளுக்கும் மட்டும்தான், அம்மா அதில் கை வைக்க முடியாது, அவருக்குத் தனிப் பங்கே இருக்கிறது.

நாமினி போடாத கணக்கு ஏதாவது இருந்தால், சின்னத் தொகைக்கு பேங்க் இந்தச் சான்றிதழையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் வாங்கிக்கொண்டு முடித்துவிடும். பெரிய தொகை என்றால் கோர்ட்டில் இறங்குரிமைச் சான்றிதழ் (சக்சஷன் சர்டிபிகேட்) வாங்கி வரச் சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு, தாலுகா ஆபீஸில் போய் இரண்டாவதைக் கேட்டு நிற்காதீர்கள்.

வீட்டுக் கிரயப் பத்திரத்தில் உள்ள "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்ற வரிக்கு வருவோம். கடலூர் பதிவு அலுவலக வாசலில் பழைய பத்திரம் எதை எடுத்தாலும் இந்த வரி இருக்கும், பெண்கள் பெயரில் வாங்கிய பத்திரத்திலும் இருக்கும். எழுத்தர்கள் பரம்பரையாக எழுதி வந்த வாசகம் இது. விற்றவருக்கு இனி ஒன்றும் இல்லை, வாங்கியவருக்கு முழு உரிமை, அது அவர் வாரிசுகளுக்கும் இறங்கும் என்பதுதான் அதன் பொருள். இந்த மாதிரி வாசகம் முழு உரிமையைத்தான் குறிக்கிறது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய்த் தீர்ப்பாகிவிட்டது. உங்கள் அப்பாவுக்கு வீட்டை விற்றவர், அப்பாவின் மகளுக்குப் பங்கு இல்லை என்று எழுதிக்கொடுக்க அவருக்கு என்ன அதிகாரம்? அண்ணனிடம் இதைக் கோபமில்லாமல் கேட்டுப் பாருங்கள்.

கொள்ளி வைத்தது, கல்யாணத்தில் நகை போட்டது, இரண்டும் பங்கைக் கூட்டவும் குறைக்கவும் செய்யாது. இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

முந்திரித் தோப்புக்கு மட்டும் நான் இங்கே உட்கார்ந்து பங்கு சொல்ல மாட்டேன். தாத்தா காலத்துச் சொத்து என்று எழுதியிருக்கிறீர்கள், அது அப்பா கைக்கு எப்படி வந்தது என்று எழுதவில்லை. தாத்தாவே சம்பாதித்து வாங்கி, உயில் இல்லாமல் 1956-க்குப் பிறகு இறந்திருந்தால், அதில் பாட்டிக்கும் அத்தைகளுக்கும் அப்போதே பங்கு வந்துவிட்டது, அப்பாவின் பங்கு மட்டும்தான் உங்களுக்குள் ஐந்தாகும். கூட்டுக்குடும்பப் பூர்வீகம் என்றால் கணக்கே வேறு, அதில் நீங்கள் பிறப்பாலேயே பங்குதாரர். தமிழ்நாட்டில் 25.3.1989 அன்று கல்யாணமாகாமல் இருந்த மகள்களுக்கு இந்த உரிமை வந்தது, 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது, அதற்கு அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. தாத்தா பெயரில் உள்ள மூலப் பத்திரம், பழைய பாகப் பத்திரம் ஏதாவது இருந்தால் அது, வில்லங்கச் சான்று, பட்டா நகல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பட்டா அண்ணன் பெயருக்கு மாறியிருந்தாலும் பயப்பட வேண்டாம், பட்டா மட்டுமே உரிமை மூலம் ஆகாது.

மொத்த வியாபாரி வழக்கில் வந்த நோட்டீஸ் உங்களைத் தூங்கவிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சட்டப் பிரதிநிதி என்றால் இறந்தவரின் இடத்தில் நின்று வழக்கை நடத்த வேண்டியவர் என்றுதான் அர்த்தம். அப்பாவின் சொத்தைக் கையில் வைத்து நிர்வாகம் செய்கிற யாரையும் அப்படிச் சேர்ப்பார்கள், வாரிசாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கடன் தீர்ப்பானாலும் அப்பாவின் சொத்திலிருந்து உங்கள் கைக்கு வந்த அளவுக்குத்தான் வசூலிக்க முடியும். உங்கள் சம்பளத்தையோ, கணவர் வாங்கிய மனையையோ தொட முடியாது. ஆனால் நோட்டீஸை மடித்து அலமாரியில் வைத்துவிடக் கூடாது. வாய்தா அன்று ஆஜராகாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். கடையின் பாக்கி நோட்டையும் பில்களையும் பார்த்து, உண்மையிலேயே அவ்வளவு தர வேண்டியதுதானா என்று அண்ணனோடு சேர்ந்து பதில் தாக்கல் செய்யுங்கள். இந்த ஒரு வழக்கில் நீங்களும் அண்ணனும் ஒரே பக்கம்தான்.

கடைக்கு வருகிறேன், ஏனென்றால் அண்ணனின் மனக்குறை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய், ராத்திரி ஷட்டர் இறக்கும்வரை அப்பாவோடு கல்லாவில் உட்கார்ந்து உழைத்த மனிதர் அவர். கூட்டு வியாபார ஒப்பந்தம் எதுவும் இல்லாததால் சட்டப்படி அந்த உழைப்புக்குத் தனிப் பங்கு கிடையாது. அந்தச் சரக்கும், வர வேண்டிய பாக்கியும், கட்டடக்காரரிடம் இருக்கும் அட்வான்ஸும் ஐந்து பங்குதான். ஆனால் நீங்கள் யாரும் போய் அந்தக் கடையை நடத்தப் போவதில்லை. அப்பா இறந்த தேதிக்குச் சரக்குக் கணக்கு எடுத்து, கடன் கழித்து ஒரு மதிப்புப் போட்டு, கடையை அவருக்கே கொடுத்து, அதற்கு ஈடாக வீட்டிலோ டெபாசிட்டிலோ மற்றவர்களுக்குக் கூட்டிக்கொடுக்கச் சொல்லுங்கள். மதிப்புப் போடும்போது அவர் உழைப்பை நினைத்துக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். "கடை உனக்குத்தான்" என்று நீங்கள் வாய் திறந்து முதலில் சொன்னால் மீதிப் பேச்சு பாதி சுலபமாகிவிடும். அப்பா பெயரில் இருந்த ஜி.எஸ்.டி. பதிவில் அவர் தொடர்ந்து வியாபாரம் செய்ய முடியாது, தன் பெயரில் புதிதாக எடுத்து, பழைய பதிவில் மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கியபோது கட்டிய வரிக்கான வரவு) அதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஆடிட்டரிடம் உடனே போகச் சொல்லுங்கள்.

எல்லாம் பேசி ஒத்துவந்தால் ஐந்து தரப்பும் சேர்ந்து பாகப்பத்திரம் எழுதிப் பதியுங்கள், குழந்தையின் பங்குக்கு மட்டும் கோர்ட் அனுமதி வாங்கிக்கொண்டு. குடும்பத்துக்குள் எழுதும் பாகம், விடுதலை, செட்டில்மெண்ட் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று 2023 ஜூலையில் மாற்றினார்கள். எழுதும் முன் இன்றைய விகிதத்தைப் பதிவு அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டி பெயரில் பங்கு வேண்டாம் என்று அவரே மனதார நினைத்தால், அவர் யாருக்குக் கொடுக்க விரும்புகிறாரோ அவருக்குத் தனியாக எழுதித் தரட்டும், பத்திரத்தை அவருக்கு நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டிய பிறகு.

ஒத்துவராவிட்டால், மஞ்சக்குப்பத்தில் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக்கொடுப்பார்கள், வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசியும் பார்ப்பார்கள். நீங்களும் போகலாம், தம்பி மனைவியும் தனியாகப் போகலாம். அவரிடம் இந்தப் பங்கு விவரத்தை நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள், வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொள்ள விடாதீர்கள். தம்பியின் இறப்புச் சான்றிதழ் அவரிடம்தான் இருக்கும், வட்டாட்சியருக்குக் கொடுக்கும் மனுவுக்கும் அதுதான் முதலில் வேண்டும்.